நான்காவது வரி

"மேடம், கொலைன்னா வரேன். நகை காணோம்னாக்கூட வரேன். போர்டுல யாரோ ஒரு வரி கூடுதலா எழுதிட்டாங்கன்னு நீலசந்திராவுல இருந்து சில்க் போர்டு டிராஃபிக்ல நீந்தி வந்திருக்கோமே, இதுக்கு ஒரு டஸ்டர் போதாதா?"

ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றியபடி கேட்டான் சீனு. பின்னாலிருந்து இறங்கிய மரகதம் சேலையைச் சரிசெய்துகொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். பெங்களூர் கமர்ஷியல் தெரு ஜவுளிக்கடை ஒன்றில் சேலை திருடுகிறவர்களைப் பிடிக்கும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, நீலசந்திராவில் ஒரு மொபைல் கடை மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் போட்டவள் அவள். சீனு அவளுடைய ஒரே உதவியாளன். அவன் வாய்க்குத் தனியாக ஒரு அலுவலகம் போடலாம்.

பொம்மனஹள்ளியில் இருந்த அந்த அடுக்ககத்தின் பெயர் துங்கா என்கிளேவ். குடியிருப்போர் சங்கச் செயலாளர் யுவன் வாசலிலேயே காத்திருந்தார். ஈரோட்டுக்காரர். சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய வேலை. அவர் முகத்தைப் பார்த்தால் ராத்திரியில் ஏதோ சர்வர் செத்துப்போன மாதிரி இருந்தது.

"இங்கதான் மேடம்" என்று லிஃப்ட் பக்கத்தில் இருந்த வெள்ளைப் பலகையைக் காட்டினார். அது துடைக்கப்பட்டுச் சுத்தமாக இருந்தது.

"ஒண்ணுமே இல்லையே சார். கேஸ் முடிஞ்சுதா?" என்றான் சீனு.

"அழிச்சாச்சு. அதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துட்டேன்."

யுவன் போனை நீட்டினார். பலகையின் தலைப்பில் 'இந்த நாளில்' என்று இருந்தது. கீழே மார்ச் 21. அதே தேதியில் வெவ்வேறு நூற்றாண்டுகளில் நடந்தவை, ஆங்கிலத்தில், பெரிய எழுத்துகளில்.

1791: பெங்களூர்க் கோட்டை ஆங்கிலேயப் படையிடம் விழுந்தது. 1960: தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில் கூடி நின்ற மக்கள் மீது போலீஸ் சுட்டு அறுபத்தொன்பது பேர் இறந்தார்கள். 1977: இந்தியாவில் நெருக்கடி நிலை விலக்கிக்கொள்ளப்பட்டது.

நான்காவது வரி: 2011: இதே இடத்தில், கட்டட வேலைக்கு வந்த ஒரு பெண்ணின் மூன்று வயது மகள் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கி இறந்தாள்.

சீனு போனை அருகில் இழுத்து அந்த வரியை மறுபடி படித்தான்.

"இந்தப் போர்டை தினமும் எழுதறது தேர்ட் ஃப்ளோர் சீதாலட்சுமி அம்மா" என்றார் யுவன். "ரிடயர்டு ஹிஸ்டரி டீச்சர். காலைல ஆறு மணிக்கு மூணு வரி எழுதிட்டுப் போவாங்க. நாலாவது யாரோ சேர்த்தது. ஏழு மணிக்குள்ள எல்லார் போன்லயும் போயிடுச்சு. அந்தத் தொட்டித் தண்ணியையா குடிக்கிறோம்னு வாட்ஸ்அப் குரூப்ல ஒரே சண்டை. அப்படி ஒண்ணு நடந்ததான்னுகூட எங்களுக்குத் தெரியாது. நாங்கல்லாம் அப்புறமா குடி வந்தவங்க."

"யார் மேல சந்தேகம்?"

"ஹவுஸ்கீப்பிங் ஆஞ்சலா. அந்த நேரத்துல லாபியைத் துடைக்கிறது அவ ஒருத்திதான். கேமரா லிஃப்டைப் பார்க்குது, போர்டைப் பார்க்கலை. நாளைக்கு லீவு வேற கேட்டிருக்கா. எழுதி வெச்சுட்டு ஊரைப் பார்க்கக் கிளம்பறா. சாயங்காலத்துக்குள்ள நீங்க உறுதியாச் சொன்னா ஏஜென்சிக்குச் சொல்லி நிறுத்திடுவேன். போலீஸ்லயும் சொல்லலாம்னு கமிட்டியில பேசறாங்க."

"இதுக்கு முன்னாடி நாளெல்லாம் போர்டை யாராவது போட்டோ எடுத்திருக்காங்களா?"

"தினமும் குரூப்ல போடுவாங்க."

"அதையெல்லாம் இவனுக்கு அனுப்புங்க. முதல்ல டீச்சரம்மாவைப் பார்க்கிறோம்."

மூன்றாவது மாடியில் கதவைத் திறந்த சீதாலட்சுமி மெலிந்து, நிமிர்ந்து இருந்தார். வந்தவர்கள் யார் என்று தெரிந்ததும் காபி போடப் போனார். கூடத்துச் சுவரில் மாலை போட்ட ஒரு படம். மஞ்சள் ஹெல்மெட் அணிந்த ஒரு மனிதர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். மரகதம் அதன் அருகில் சற்று நேரம் நின்றாள்.

"என் வீட்டுக்காரர். வெங்கடசாமி" என்றார் சீதாலட்சுமி, தம்ளர்களை வைத்தபடி. "போன சித்திரையில போயிட்டார்."

"அம்மா, எனக்கு ஒரு சந்தேகம்" என்றான் சீனு. "இதெல்லாம் நடந்த தேதி கரெக்டுன்னு எப்படித் தெரியும்? எங்க வீட்டுல என் பொறந்த தேதியே ரெண்டு இருக்கு. ஒண்ணு ஸ்கூலுக்கு, ஒண்ணு உண்மைக்கு."

சீதாலட்சுமி லேசாகச் சிரித்தார். "நல்ல கேள்விதான். இந்தக் கோட்டையையே எடுத்துக்கோங்க. ராத்திரியில ஏணி வெச்சு ஏறிப் பிடிச்சாங்க. சில புத்தகத்துல இருபதாம் தேதி ராத்திரின்னு இருக்கும், சிலதுல இருபத்தொண்ணு. ராத்திரியில நடந்ததுக்குத் தேதி போடறது கஷ்டம். செத்தவங்க வந்து சொல்லப்போறதில்லை. யார் கண்ணுல எப்பப் பட்டுதோ அதுதான் தேதின்னு ஆயிடும்."

"இன்னிக்குக் காலைல நீங்க எத்தனை வரி எழுதினீங்க?" என்று கேட்டாள் மரகதம்.

"மூணு வரி எழுதறதுதான் வழக்கம்."

"நாலாவதை யார் எழுதியிருப்பாங்க?"

"எழுதினவங்களுக்கு ஏதோ காரணம் இருக்கும்" என்ற சீதாலட்சுமி தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். காபி பாதிதான் குடிக்கப்பட்டிருந்தது.

கீழ்த்தளத்தில், கார்கள் நிற்குமிடத்தின் கோடியில், பம்ப் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. துடைப்பங்களும் ஃபினாயில் கேன்களும் வைத்தது போக மிச்சமிருந்த இடத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள் ஆஞ்சலா. நாற்பது வயது இருக்கும். நீலச் சீருடைச் சேலை. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. காவலாளி மஞ்சுநாத் வாசலில் நின்றிருந்தார்.

"பெளகிந்தா இல்லே கூத்திதாரே மேடம்" என்றார் அவர், காலையிலிருந்து இங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறாள் என்று. "ஊட்டா கூட மாடில்லா." சாப்பிடவும் இல்லையாம். அதைச் சொல்லிவிட்டு விலகிப் போனார்.

ஆஞ்சலா எழுந்து நின்றாள். "நான் ஒண்ணும் எழுதல மேடம். எனக்கு இங்கிலீசு படிக்கவே தெரியாது. என்ன எழுதியிருந்துச்சுன்னுகூட யாரும் சொல்லல. நீதானே, நீதானேன்னு கேக்கறாங்க."

மரகதம் சீனுவைப் பார்த்தாள். அவன் போனை எடுத்து அந்த வரியைத் தமிழில் மெதுவாகப் படித்தான்.

ஆஞ்சலா மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. ஏதோ கணக்குப் போடுகிறவளைப்போல் உதடு அசைந்தது.

"தேதி என்ன போட்டிருக்காங்க?"

"மார்ச் இருபத்தொண்ணு அக்கா. இன்னிக்கு."

"தப்பு சார். இருபத்திரெண்டு. நாளைக்குத்தான்."

மரகதம் அவள் எதிரே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். "உங்க பொண்ணா ஆஞ்சலா?"

"ஆமா மேடம். பிரின்சி."

அவள் சொல்லத் தொடங்கினாள். ஊர் கே.ஜி.எஃப்., கோலார் தங்கவயல். சுரங்கம் மூடிய பிறகு வேலை தேடி அவளும் கணவன் அருள்தாசும் குழந்தையோடு பெங்களூருக்கு வந்தார்கள். இந்தக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. தகரக் கொட்டகையில் குடியிருப்பு. அன்று சாயங்காலம் தளத்துக்குக் காங்கிரீட் போட ஆரம்பித்தார்கள். ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாது என்று எல்லாப் பெண்களையும் மேலே கூப்பிட்டுவிட்டார்கள். குழந்தைகளைக் கொட்டகையில் ஒரு கிழவியிடம் விட்டுவிட்டுப் போனார்கள்.

"விடியக்காலைல இறங்கி வந்தேன் மேடம். கொட்டாயில ஒரே இருட்டு. புள்ளைங்க எல்லாம் வரிசையா ஒரே போர்வைக்குள்ள தூங்குதுங்க. ஒரு புள்ளை காலு என் கையில பட்டுச்சு. என் புள்ளைதான்னு நெனச்சு அது பக்கத்துலயே படுத்துட்டேன். கண்ணு சொக்கிடுச்சு. அப்புறம் மேஸ்திரி கத்தற சத்தம். போய்ப் பாத்தா தொட்டிப் பக்கத்துல கெடத்தி வெச்சிருக்காங்க. விடியக்காலைல எழுந்து வெளிய வந்துருக்கு, அம்மாக்காரி தூங்கிட்டான்னு சொன்னாங்க. போலீசும் அதையேதான் எழுதிச்சு."

"உங்க வீட்டுக்காரர்?"

"அடிச்சிருந்தாக்கூடப் பரவால்ல மேடம். அடிக்கல. புள்ளையப் பக்கத்துல வெச்சுக்கிட்டு எப்படி ஆஞ்சலா தூங்குனேன்னு கேட்டாரு. சாப்பாடு போட்டா கேப்பாரு, படுத்தா கேப்பாரு. ஒருநாள் ஊருக்குப் போறேன்னு போனவரு வரல. அங்க வேற குடும்பம்."

"அப்புறம் ஏன் இங்கயே வேலைக்கு?"

"அத்திபெலேல கார்மெண்ட்சுல இருந்தேன். அது மூடிட்டாங்க. போன ஆடியில ஏஜென்சிக்காரர் இந்த அட்ரஸச் சொன்னாரு. வேணாம்னு சொல்ல வந்தேன். வாய் வரல." அவள் பம்ப் அறைப் பக்கம் பார்த்தாள். "எங்க வேலை பாத்தாலும் இருபத்திரெண்டாந்தேதி லீவு போட்டுட்டு ஓசூர் ரோடு கல்லறைக்குப் போவேன். அதுக்குத்தான் லீவு கேட்டேன். எழுதுனவங்க நல்லதுக்குத்தான் எழுதிருப்பாங்க. தேதிய மட்டும் மாத்தச் சொல்லுங்க."

மாடிப்படியில் ஏறும்போது சீனு வழக்கத்துக்கு மாறாகப் பின்னால் வந்தான்.

"மேடம், இவங்க எழுதலை."

"தெரியுது."

"எழுதினவனுக்குத் தேதி தெரியாம இருந்திருக்கும். எங்கயோ கேள்விப்பட்டு..."

"இல்லை சீனு. தேதி தெரிஞ்சவங்கதான் எழுதியிருக்காங்க. ஆஞ்சலாவுக்குத்தான் தெரியாது." மரகதம் முதல் மாடித் திருப்பத்தில் நின்றாள். "போலீஸ் சொன்னது இருபத்திரெண்டு. மேஸ்திரி சொன்னது இருபத்திரெண்டு. கேள்விப்பட்டு எழுதற யாரும் இருபத்திரெண்டுன்னுதான் எழுதுவாங்க. இருபத்தொண்ணுன்னு எழுதணும்னா, முந்தின நாளே பார்த்த ஒருத்தர்கிட்ட இருந்து வந்திருக்கணும். அந்தப் போட்டோ எல்லாம் வந்துடுச்சா?"

சீனு போனைத் திறந்தான். நேற்றைய பலகை. முந்தாநாள் பலகை. அதற்கு முந்தைய நாள். அவன் ஒவ்வொன்றாக நகர்த்தினான்.

"எல்லாத்துலயும் மூணு வரி மேடம். பெரிசு பெரிசா, போர்டு பூரா."

"இன்னிக்கு?"

அவன் யுவன் எடுத்த படத்துக்கு வந்தான். விரல்களால் பெரிதாக்கினான். மூன்று வரிகளும் சின்ன எழுத்தில், பலகையின் மேற்பகுதியில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. கீழே நான்காவது வரி தாராளமாக உட்கார்ந்திருந்தது.

"யாரோ பின்னால வந்து சேர்த்திருந்தா ஓரத்துல நசுக்கித்தானே எழுதியிருக்கணும்?" என்றாள் மரகதம். "முதல் மூணு வரியை எழுதும்போதே நாலாவதுக்கு இடம் விட்டிருக்கு. நாலாவது வரப்போகுதுன்னு ஒருத்தருக்குத்தான் தெரியும்."

"டீச்சரம்மா!"

"இன்னிக்கு எத்தனை எழுதினீங்கன்னு கேட்டேன். வழக்கத்தைச் சொன்னாங்க. பொய் சொல்லத் தெரியாதவங்க அப்படித்தான் பதில் சொல்வாங்க. அந்த மாலை போட்ட படத்தை மறுபடி நினைச்சுப் பாரு. ஹெல்மெட்டுக்குப் பின்னால பாதி கட்டின தூண் நிக்குது. அதுக்குப் பின்னால தெரியற தண்ணி டேங்க் இந்தத் தெருமுனையில இப்பவும் நிக்குது."

மூன்றாவது மாடியில் இந்த முறை அழைப்பு மணி அடித்ததுமே கதவு திறந்தது. சீதாலட்சுமி அவர்கள் வருவார்கள் என்று தெரிந்தே உட்கார்ந்திருந்ததைப்போல் இருந்தது.

"உங்க வீட்டுக்காரர்தான் இந்தக் கட்டடத்துக்கு சைட் எஞ்சினியர். இல்லையாம்மா?"

"ஆமா" என்றார். "வீட்டையும் இதைக் கட்டின முதலாளிதான் சகாய விலைக்குக் கொடுத்தார். ஏன்னு நான் கேட்டதே இல்லை. ஆஸ்பத்திரியில, கடைசி நாள்ல, அவரா சொன்னார்."

சீதாலட்சுமி சொன்னது சுருக்கமாக இருந்தது. காங்கிரீட் போட ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே, இருட்டுகிற நேரத்தில், மூடி இல்லாத தொட்டியின் ஓரத்தில் ஒரு சின்னச் செருப்பை வெங்கடசாமி பார்த்தார். அவரேதான் இறங்கித் தூக்கினார். உயிர் இல்லை. முதலாளிக்குப் போன் செய்தார். பெண்களுக்குத் தெரிந்தால் வேலை நின்றுவிடும், தளம் வீணாகிவிடும், விடியும்வரை யாருக்கும் தெரியக்கூடாது என்று உத்தரவு வந்தது. குழந்தையை ஸ்டோர் அறைக்குள் கொண்டுபோனார்கள். தளம் முடிந்து, பெண்கள் இறங்கிப் படுத்த பிறகு, தொட்டிப் பக்கத்தில் கிடத்திவிட்டு மேஸ்திரியைக் கத்தச் சொன்னார்கள்.

"நான் பிள்ளைங்களுக்கு நாற்பது வருஷம் சரித்திரம் சொல்லிக் கொடுத்திருக்கேன்" என்றார் சீதாலட்சுமி. "அவர் போனதுக்கப்புறம் வர்ற முதல் மார்ச் இருபத்தொண்ணு இது. நேத்து ராத்திரி ஷார்ப்வில் பத்தி எழுதி வெச்சுக்கிட்டிருந்தேன். எங்கயோ செத்தவங்களை எண்ணி எழுதறேன், காலுக்குக் கீழ செத்ததை எழுதலைன்னா நான் யாரு? பேர் போட்டு எழுத ஆசை. அவருக்குப் பேர் தெரியலை. அந்த அம்மா கே.ஜி.எஃப் பக்கம் போயிட்டாங்கன்னு மட்டும்தான் தெரிஞ்சுது."

"நாலாவது வரி யாரோ எழுதினதுன்னு செயலாளர் சொன்னப்ப ஏன் பேசாம இருந்தீங்க?"

"பயம்தான். அவர் பேர் கெட்டுடுமேன்னு. யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க, நாலு பேர் படிச்சாப் போதும்னு நினைச்சேன்."

"நீங்க எழுதினதுக்கு வேற ஒருத்தரை வேலையை விட்டு நிறுத்தப் போறாங்கம்மா. காலைல இருந்து கீழ உட்கார வெச்சிருக்காங்க. தினமும் நீங்க போர்டு எழுதும்போது பக்கத்துல தரை துடைக்கிறாங்களே, ஆஞ்சலா."

"ஐயையோ! அவளையா?" சீதாலட்சுமி எழுந்துவிட்டார். "இப்பவே வரேன். நான்தான்னு சொல்லிடறேன். பாவம், அவளுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

உண்மையைச் சொல்லாமல் இருக்க வழி இருக்கிறதா என்று மரகதம் ஒரு கணம் பார்த்தாள். இல்லை.

"குழந்தை பேரு பிரின்சி. ஆஞ்சலாதான் அம்மா."

சீதாலட்சுமியின் கை நாற்காலியைத் தேடியது. சீனு ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டான்.

"காலைல எனக்கு மார்க்கர் எடுத்துக் கொடுத்தாளே" என்றார் அவர். "கீழ விழுந்துடுச்சு. எடுத்துக் கொடுத்துட்டு, 'நெறைய எழுதறீங்களேம்மா இன்னிக்கு'ன்னு சிரிச்சாளே."

கீழ்த்தள அறைக்கு அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். யுவனையும் மரகதம் வரச்சொல்லியிருந்தாள். சீதாலட்சுமி நின்றுகொண்டே சொன்னார். எதையும் மறைக்கவில்லை. தன் கணவர் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரல் நின்று நின்று வந்தது. யுவன் நடுவில் ஒருமுறை, "அம்மா, இது வெளிய போனா..." என்று ஆரம்பித்துவிட்டு, ஆஞ்சலாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"நான் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் கொடுக்கறேன்" என்றார் சீதாலட்சுமி. "கேஸ் நிக்குமோ நிக்காதோ, அந்த முதலாளி இன்னும் உயிரோடதான் இருக்கார். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் இல்லை."

ஆஞ்சலா கழுத்துச் சிலுவையைக் கையில் பிடித்துக்கொண்டாள். பம்ப் ஓடி நின்றது.

"அந்த ஸ்டோர் ரூமுல" என்றாள் கடைசியில். "என் புள்ளை கூட யாராச்சும் இருந்தாங்களாம்மா?"

"இருந்தார். விடியற வரைக்கும் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாராம். தலையைத் துவட்டினேன்னு சொன்னார்."

ஆஞ்சலா தலையை ஆட்டினாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. சீதாலட்சுமி அவள் பக்கத்தில் அந்தச் சிமெண்ட் தரையில் உட்கார்ந்தார். தொடலாமா என்று தெரியாமல் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு ஆஞ்சலாதான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நான் அந்தப் படுக்கையில படுக்கறதுக்கு முன்னாடியே..." என்றாள்.

"முன்னாடியேதான்" என்றாள் மரகதம். "நீங்க மேல காங்கிரீட் சட்டி தூக்கிட்டிருந்தீங்க. முழிச்சுட்டுத்தான் இருந்தீங்க ஆஞ்சலா."

ஆஞ்சலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். பெயர் போட்டு வைத்திருக்கவில்லை. எண்களை ஒவ்வொன்றாக, தயங்காமல் அழுத்தினாள். மணி அடிக்கும் சத்தம் அந்தச் சின்ன அறையில் எல்லாருக்கும் கேட்டது.

"அலோ?" ஒரு சிறுமியின் குரல்.

ஆஞ்சலா திகைத்துப்போனாள். "அருள்தாஸ் வீடாம்மா?"

"ஆமா. அப்பா வேலைக்குப் போயிருக்காரு. போனை வீட்டுலயே வெச்சுட்டுப் போயிட்டாரு. நீங்க யாரு?"

"தெரிஞ்சவங்கதான். பெங்களூர்ல இருந்து." ஆஞ்சலா கொஞ்சம் நிறுத்தினாள். "அப்பா வந்ததும் ஒண்ணு சொல்றியாம்மா? ஆஞ்சலா அன்னிக்குத் தூங்கலையாம்னு சொல்லணும்."

"ஆஞ்சலா அன்னிக்குத் தூங்கல." சிறுமி பாடம் ஒப்பிப்பதைப்போல் திருப்பிச் சொன்னாள். "அவ்ளோதானா ஆன்ட்டி?"

"அவ்ளோதாம்மா."